வாசகர் கேள்வி – பதில்: ஆபிரிக்க வகுப்பறைகளில் செய்நிரலும் முயற்சியாண்மையும்

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் கற்றபின், கொழும்பில் நான்கு ஆண்டுகள் மென்பொருள் பொறியியலாளராகப் பணியாற்றினேன். அடுத்த ஆண்டு கென்யாவில் ஆறு வாரங்கள் பல்கலைக்கழக மாணவர்களுக்குச் செய்நிரலாக்கமும் முயற்சியாண்மையும் கற்பிக்கும் வாய்ப்புக் கிடைத்துள்ளது. முயற்சியாண்மையை எப்படிக் கற்பிப்பது? இரண்டையும் ஏன் ஒரே பாடமாக வைத்திருக்கிறார்கள்?
– ஒரு வாசகர், இணுவில்

பதில்: தம்பி, உங்கள் இரண்டாவது கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். அதற்கு விடை கிடைத்தால் முதலாவது இலகுவாகிவிடும்.

கென்யாவின் கரையோரத்தில் கிலிஃபி என்றோர் ஊர் உண்டு. அவ்வூர் மருத்துவமனையில் அவசர வேளையில் குருதிக் கையிருப்பு இல்லாமற்போவது பெரும் இடராக இருந்தது. ஆபிரிக்கப் பல்கலைக்கழகங்களில் கைபேசிச் செய்நிரலாக்கத்தைக் கற்பிக்க முன்னின்ற நேதன் ஈகிள் என்ற அமெரிக்க ஆய்வாளர், தாதியர் தமது கையிருப்பு விபரத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பவும் குருதி வங்கியில் உள்ளோர் அதை உடனே திரையில் பார்க்கவும் ஓர் ஒழுங்கை அங்கே உருவாக்கினார். செய்நிரலில் பிழை எதுவும் இருக்கவில்லை. தொடக்கத்தில் வந்துகொண்டிருந்த செய்திகள் பின்னர் குறைந்து, ஏறக்குறைய நின்றே போயின. குறுஞ்செய்திக் கட்டணத்தைத் தாதியர் தங்கள் கைப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டியிருந்ததும், அவர்களுடைய சம்பளத்துக்கு அது உறைக்கும் தொகையாக இருந்ததுமே காரணம். சரியான வடிவில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு சிறு தொகையை அனுப்பியவரின் கைபேசி மீதியில் சேர்த்துவிடும் வசதியைச் செய்தபின்னர் செய்திகள் மீண்டும் வரத் தொடங்கின.

முயற்சியாண்மை என்ற பாடம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்துக்குள் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நீங்கள் செய்த பொருளை யார் பயன்படுத்துகிறார், அதற்கான செலவு யாருடைய பையிலிருந்து போகிறது, அவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்ற மூன்றையும் கேட்கத் தெரியாதவருக்கு எவ்வளவு நன்றாகச் செய்நிரல் எழுதத் தெரிந்திருந்தும் பயனில்லை. நமது பாடசாலைகளிலே முயற்சியாண்மை என்றால் வணிகத் திட்டம் எழுதுவதும் கம்பனி பதிவு செய்வதும் என்று மாணவர் மனனம் செய்துவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தைக் கென்யாவுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழக மாணவர்கள் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டமொன்று, கோடை விடுமுறையில் கென்யா, எத்தியோப்பியா, கானா ஆகிய நாடுகளுக்கு மாணவ ஆசிரியர்களை அனுப்பி வந்தது. தொடக்கத்தில் செய்நிரலாக்கமே பிரதானமாக இருந்த அந்தப் பாடத்தில், காலப்போக்கில் கைபேசியும் முயற்சியாண்மையும் சரிபாதி இடத்தைப் பிடித்தன. படித்து வெளியேறுவோரின் தொகைக்கு ஏற்ற அளவில் வேலை கொடுக்கும் நிறுவனங்கள் இல்லாத நாட்டில், வேலையை உருவாக்கவும் சேர்த்தே கற்பிக்க வேண்டியிருந்தது.

இனி, எப்படிக் கற்பிப்பது என்பதற்கு வருகிறேன். முதலாவது சனிக்கிழமை மடிக்கணினி இல்லாமல் மாணவர்களைச் சந்தைக்கு அனுப்புங்கள். ஒவ்வொருவரும் ஒரு வியாபாரியோடு அரை நாள் இருந்து, அவர் கடைசியாகப் பணம் கொடுத்தது எதற்கு, எந்த வழியில், எதற்காக முறைப்பட்டார் என்பதை எழுதிக்கொண்டு வரட்டும். இதை நான் அனுபவத்தால் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் மூவர் சின்ன வெங்காயத்தின் அன்றாட விலையைக் காட்டும் செயலி ஒன்றைப் பல மாதங்கள் பாடுபட்டுச் செய்தார்கள். அவர்களை மருதனார்மடம் சந்தைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே கமக்காரர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தது பொத்தான் கைபேசி. அதைவிட முக்கியமானது அவர் சொன்ன வார்த்தை: “விலை தெரிஞ்சு என்ன தம்பி, வைச்சிருக்க இடமில்லை. காலமை கொண்டு வந்ததை வித்துப்போட்டுத்தான் போகவேணும்.” அவருடைய துன்பம் விலைச் செய்தியில் இருக்கவில்லை, களஞ்சியத்தில் இருந்தது. வேலையைத் தொடங்கிய முதல்நாளே சந்தைக்குப் போயிருந்தால் பிள்ளைகளின் அத்தனை மாத உழைப்பும் வேறு திசையில் போயிருக்கும். அவர்களை முன்னரே அனுப்பாதது என் குறை.

இணையம் இல்லாத கைபேசியிலும் இயங்கும் யூ.எஸ்.எஸ்.டி. முறையை, அதாவது நட்சத்திரக் குறியில் தொடங்கிச் சதுரக் குறியில் முடியும் எண்களை அழுத்திப் பெறும் சேவையை, கட்டாயம் பாடத்தில் சேருங்கள். ஒரு திரையில் 182 எழுத்துக்கு மேல் அடங்காது. பதில் தாமதித்தால் தொடர்பு அறுந்துவிடும். இந்த நெருக்கடிக்குள் ஒரு சேவையை அமைத்துப் பார்க்கும் மாணவருக்கு, எது அவசியம் எது அலங்காரம் என்பது சில நாட்களிலேயே விளங்கிவிடும்.

எம்-பேசா என்ற கைபேசிப் பணச் சேவையின் கதையை உங்கள் மாணவர்களே உங்களுக்குச் சொல்வார்கள், சொல்ல விடுங்கள். 2005இல் அது பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டபோது சிறுகடன் தவணைகளைக் கட்டுவதற்கான வழியாகவே எண்ணப்பட்டது. மக்களோ அதைக்கொண்டு ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். நகரத்தில் உழைப்பவர் ஊருக்குப் பணம் அனுப்பும் சேவையாக 2007 மார்ச்சில் கென்யாவின் கைபேசி நிறுவனமான சஃபாரிகொம் அதை வெளியிட்டது. மூலைக்கடைக்காரரே முகவராக இருந்து பணத்தை வாங்கவும் கொடுக்கவும் செய்ததால், வங்கிக் கிளை இல்லாத ஊரிலும் அது நிலைத்தது. வெளிநாட்டுப் பணத்தில் அடுப்பெரியும் வீடுகள் நிறைந்த எங்கள் ஊரில் பிறந்த உங்களுக்கு இதன் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

கேள்வி: எங்கள் பாடசாலையில் இயங்கும் கணினிகள் ஆறு, வகுப்பில் மாணவர் முப்பத்தெட்டுப் பேர். மின்வெட்டு வந்தால் பாடமே இல்லை. ஆபிரிக்கப் பாடசாலைகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன?
– ஓர் ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: ஆபிரிக்கா என்பது ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள், ஆகையால் ஒரே விடை கிடையாது. ஆயினும் வசதி குறைந்த வகுப்பறைகளுக்குப் பொருந்தும் வழிகள் சில உண்டு. ஒரு கணினிக்கு இருவரை அமர்த்தி, ஒருவர் தட்டச்சுச் செய்ய மற்றவர் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும், கால்மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். மற்ற மாணவர் அந்நேரத்தில் கடதாசியில் வேலை செய்யலாம். தேடுதல், வரிசைப்படுத்தல், இரும எண்கள் ஆகியவற்றை அட்டைகளைக் கொண்டு கணினி இல்லாமலே கற்பிக்கும் பயிற்சிகளை நியூசிலாந்தின் கன்ரபரிப் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கி இலவசமாகத் தந்திருக்கிறார்கள். அவை உலகமெங்கும் பயன்படுகின்றன. பைதன் என்ற செய்நிரல் மொழிக்கும் அதன் கையேட்டுக்கும் இணையத்தொடர்பு தேவையில்லை. ஒருமுறை தரவிறக்கி ஆறு கணினிகளிலும் ஏற்றிவிட்டால் போதுமானது.

மின்சாரம் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் பரீட்சைக்குப் படித்தும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டும் வளர்ந்தவர்கள் இன்று உங்கள் மாணவர்களின் பெற்றோர். அவர்களில் ஒருவரை வகுப்புக்கு அழைத்து அந்த டைனமோவை எப்படிப் பொருத்தினார் என்று சொல்லவையுங்கள். முயற்சியாண்மைக்கு அதைவிட அண்மையான உதாரணம் எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

கேள்வி: பெண் பிள்ளைகளும் அங்கே இதைக் கற்கிறார்களா?
– ஒரு தாய், நல்லூர்

பதில்: கற்கிறார்கள், கற்பிக்கவும் செய்கிறார்கள். நைரோபியில் பெண்களே 2010இல் தொடங்கிய அக்கிராசிக்ஸ் என்ற அமைப்பு, வசதி குறைந்த இளம் பெண்களுக்குச் செய்நிரலாக்கப் பயிற்சி அளித்து வருகிறது. உங்கள் மகள் விரும்பினால் தடை சொல்லாதீர்கள் அம்மா.

கேள்வி: என் மகன் அரச உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்க மறுத்து, நைஜீரியாவில் செய்கிறார்களே என்று சொல்லிச் சொந்தமாக மென்பொருள் நிறுவனம் தொடங்கப் போகிறேன் என்கிறான். நம்பலாமா?
– ஒரு தகப்பனார், பருத்தித்துறை

பதில்: ஐயா, மகன் சொல்வது உண்மை, ஆனால் பாதி உண்மை. லாகோஸ் நகரில் இரண்டு இளைஞர் தொடங்கிய பேஸ்டாக் என்ற இணையக் கொடுப்பனவு நிறுவனத்தை 2020இல் அமெரிக்காவின் ஸ்ட்ரைப் நிறுவனம் வாங்கியது. அதே நகரில் 2014இல் தொடங்கி, இளைஞரைப் பயிற்றி வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பணியாற்றவைத்த அண்டேலா, 2019இல் இளநிலைச் செய்நிரலாளர் நூற்றுக்கணக்கானோரை விலக்க நேர்ந்தது. அந்த வெளிநாட்டு நிறுவனங்கள் அனுபவமுள்ளவரையே கேட்டன. கானாவின் அக்ராவில் 2008 முதல் இயங்கும் மெஸ்ட் என்ற பயிற்சிக் கல்லூரியிலும், பயிற்சி பெறும் எல்லோருக்கும் முதலீடு கிடைப்பதில்லை. தெரிவு செய்யப்பட்ட குழுக்களுக்கே கிடைக்கிறது.

ஆகவே மகனோடு வாதாட வேண்டாம். அவன் செய்யப்போகும் பொருளுக்கு முதலில் பணம் கொடுக்கப்போகும் ஆள் யார் என்று மட்டும் கேளுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால், இரண்டு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் வேலை செய்து அனுபவம் பெறட்டும். இருக்கிறார் என்றால், அவருடைய கடைக்கோ அலுவலகத்துக்கோ ஒருநாள் மகனோடு நீங்களும் போய், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.