கல்லறைக்கு வந்த கடிதங்கள்

ஐயா,

யூடியூபில் காசு கொடுத்தால் எந்தக் குக்கரையும் நல்ல குக்கர் என்கிறார்கள். அமெரிக்காவின் ‘குட் ஹவுஸ்கீப்பிங்’ இதழ் 1909 முதலே பொருட்களைச் சோதித்து முத்திரை கொடுத்ததாகப் படித்தேன். அந்தக் காலத்துப் பத்திரிகை நேர்மை எங்கே போயிற்று? இன்றைய முத்திரைகளை நம்பி வாங்கலாமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

குக்கர் விஷயத்தில் நான் ஞானசூன்யம். விசில் வந்தால் அடுப்பை அணைப்பேன், அவ்வளவுதான். ஆனால் ‘அந்தக் காலத்து நேர்மை’ என்கிறீர்களே, அதை விட மனம் வரவில்லை. பார்க்காத காலத்துக்கு நற்சான்று தருகிறீர்கள். அதுவும் சோதிக்காமல் குத்திய முத்திரைதான்.

அந்த இதழுக்குச் சோதனைக்கூடம் இருந்தது மெய். 1906-ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டத்துக்காகப் போராடிய ஹார்வி வைலியே 1912-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் முத்திரை, அங்கே விளம்பரம் கொடுத்தவர்களின் சரக்குக்குத்தான். 1939-இல் அமெரிக்க வணிக ஆணையம், இது வாசகரைத் தவறாக நம்பவைக்கிறது என்று புகார் தொடுத்தது, 1941-இல் தடை போட்டது. முத்திரையில் ‘சோதித்து ஏற்றது’ என்ற வாசகம் போய், ‘குறையிருந்தால் மாற்றித் தருவோம் அல்லது பணம் தருவோம்’ வந்தது. பிறகு ஒரு பெண் முத்திரை பெற்ற காலணியோடு சமையலறையில் வழுக்கி விழுந்தார். காலணிக்குப் பணம் வரும், விழுந்த உடம்புக்கு? இதழ்மீதும் வழக்குப் போடலாம் என்றது கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம், 1969-இல். இது போதும்.

ஒரு வாரமாக நான் படித்துக்கொண்டிருப்பது லிடியா பிங்க்ஹாமைப் பற்றி. மாசசூசெட்ஸின் லின் ஊரில் வீட்டு அடுப்பில் மூலிகைக் கஷாயம் காய்ச்சியவர். மாதவிடாய் வலிக்கும் கர்ப்பப்பைக் கோளாறுக்கும் மருந்து என்று விற்றார்கள். அதில் சாராயம் சுமார் 18 சதவீதம். விளம்பரத்தில் அவர் முகம், பக்கத்திலேயே திருமதி பிங்க்ஹாமுக்கு எழுதச் சொல்லி அழைப்பு. ஆண் டாக்டரிடம் சொல்லக் கூசியதையெல்லாம் பெண்கள் எழுதினார்கள். பதிலும் வந்தது. அவரோ 1883-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்! 1905-இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ ஆசிரியர் எட்வர்ட் பாக், லிடியா லின் ஊரில் உழைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்ன விளம்பரத்தையும் லிடியாவின் கல்லறைக் கல்லையும் பக்கம் பக்கமாக அச்சிட்டார். (அந்த இதழ் 1892 முதல் இத்தகைய மருந்து விளம்பரங்களை வாங்கவில்லை. உங்கள் ‘அந்தக் கால’த்துக்கு ஒரு மதிப்பெண்.) கம்பெனியோ, திருமதி பிங்க்ஹாம் என்றது மருமகளை என்றது.

கஷாயத்தைக்கூட மன்னிக்கலாம் க. அந்தப் பதில்களை முடியாது. ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து ஒருத்தி எழுதுகிறாள், அக்காவுக்கு எழுதுவதுபோல. யாரோ பிரித்து, யாரோ பதில் போடுகிறார்கள்.

நான் போட்டிருக்கிறேன். இருபத்திமூன்று வயதில் ஒரு வார இதழில் இருந்தபோது, கூந்தல் தைல விளம்பரத்துக்கு ‘ஒரு குடும்பத் தலைவி’யாக நற்சான்றுக் கடிதம் எழுதினேன். எனக்கு அப்போதே முன்வழுக்கை. மாதம் கழித்து அந்தக் குடும்பத் தலைவிக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. டைபாய்டில் மகளுக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு, வளருமா அக்கா, எத்தனை பாட்டில் ஆகும் என்று. ஆசிரியர், பதில் போடய்யா என்றார்.

மூன்று பாட்டில் என்று எழுதினேன்.