எல்லா ஜாதிகளும் கர்த்தரைத் தொழும் என்பது புதிய ஏற்பாட்டில் வந்த கருத்தா?

இல்லை, பழைய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. முதலில் ஒன்று: தமிழ் வேதாகமத்தில் 'ஜாதிகள்' என்றால் நம்மூர் சாதி அல்ல. எபிரெயத்தில் 'கோயிம்', அதாவது தேசங்கள், மக்களினங்கள். இந்தக் குழப்பத்தோடு கேள்வி கேட்பவர்கள் ஏராளம்.

இரண்டே வசனமுள்ள 117-ஆம் சங்கீதம் சகல தேசத்தாரையும் துதிக்க அழைக்கிறது. பவுல் ரோமர் 15:11-இல் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார். ஏசாயா 2, மீகா 4 இரண்டிலும் தேசங்கள் கர்த்தரின் மலைக்குத் திரண்டு வருகின்றன.

ஆனால் என்னைக் கேட்டால், துணிச்சலான பகுதி ஏசாயா 19:23-25. எகிப்து, இஸ்ரவேலரை அடிமையாக வைத்திருந்த நாடு. அசீரியா, கி.மு. 722 வாக்கில் வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவை வீழ்த்திய பேரரசு. இந்த இரண்டுக்கும் இடையே பெருவழி உண்டாகுமாம். இருவரும் சேர்ந்து ஆராதிப்பார்களாம். அதோடு நிற்கவில்லை: எகிப்தை 'என் ஜனம்' என்றும், அசீரியாவை 'என் கரத்தின் கிரியை' என்றும் கடவுளே அழைக்கிறார். இஸ்ரவேல் அந்த வரிசையில் மூன்றாவது!

பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் இது 'எகிப்திலும் அசீரியரிடையேயும் இருக்கிற என் ஜனம்' என்று மாறியிருக்கிறது. அங்கே சிதறி வாழ்ந்த யூதர்களுக்கு மட்டும் ஆசீர்வாதம் என்பதுபோல. மொழிபெயர்த்தவருக்கே மூலத்தின் சொற்கள் தொண்டைக்குள் இறங்கவில்லை போலும்.