108ல ஓடினவன் இங்க வந்து பாராமெடிக்னு சொல்லலாமா?

மார்த்தாண்டத்துல அஞ்சு வருசம் 108ல இஎம்டியா, அதான் ஆம்புலன்ஸ்ல கூட வந்து முதலுதவி பாக்குற ஆளா, இருந்துட்டு இப்ப இங்கிலாந்துல கேர் ஹோம்ல நிக்கேன், என்னைய பாராமெடிக்னு சொல்லிக்கலாமா, அந்த நினைப்பு உள்ளுக்குள்ள எப்பண்ணே வரும்னு கேட்டிருந்த.

சொல்லிராத மக்கா. நாகர்கோவில்ல பாராமெடிக்கல் கோர்ஸ்னா லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் எல்லாம் அதுல வந்துரும், இங்க பாராமெடிக்னா ஆம்புலன்ஸ்ல வந்து நோயாளிய பாக்குறவன் மட்டும்தான். எச்சிபிசின்னு இந்த மாதிரி மருத்துவத் தொழில்காரங்கள பதிவு பண்ணுற அமைப்பு இருக்கு, அதோட பதிவுல பேர் இல்லாம அந்த பேர போட்டா சட்டப்படி குத்தம். 2021 செப்டம்பர்லருந்து உள்ளூர் பிள்ளைகளுக்கே டிகிரி வேணும். வெளிநாட்டுல படிச்சவனுக்கு தனி அப்ளிகேசன் உண்டு, அனுபவத்தையும் சேத்துதான் பாப்பாங்க, ஆனா வெறும் இஎம்டி சர்டிபிகேட்ட நம்பி பணத்த கட்டிராத. நானும் உன்னப்போலதான், கேர் வேலை, பெறவு ஆம்புலன்ஸ்ல உதவியாளு, அதுக்கப்புறம்தான் யுனிவர்சிட்டி.

நினைப்பு வந்தது பட்டம் வாங்கின அன்னைக்கி இல்ல, பச்ச யூனிபார்ம் போட்ட அன்னைக்கும் இல்ல. களியக்காவிளைல நம்ம வேலை என்ன, தூக்கு, ஆக்சிஜன் வை, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியா திருவனந்தபுரமான்னு சொந்தக்காரங்க போடுற சண்டைய கேட்டுக்கிட்டே ஓடு, மிச்சம் டாக்டர் பாடு. இங்க ஒரு ராத்திரி எண்பது தாண்டின பாட்டி பாத்ரூம் வாசல்ல விழுந்து கிடந்துச்சு. தலை அடிபட்டுச்சா, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை ஏதும் திங்குதான்னு கேட்டேன், சுகர் பாத்தேன், ஈசிஜி எடுத்தேன், படுக்கவச்சும் நிக்கவச்சும் பிரசர் பாத்தேன், எல்லாம் சரி, நடந்தும் காட்டிருச்சு. எனக்கு கை பரபரன்னு வருது, வண்டில ஏத்திருவோமேன்னு கூட வந்தவளப் பாத்தா அவ "நீதான் சொல்லணும்"னு சாயா போட அடுக்களைக்கு போயிட்டா. தலைவலியோ வாந்தியோ வந்தா உடனே 999 அடிங்கன்னு பாட்டிட்ட ரெண்டு தடவ சொல்லி, வீட்டுலயே விட்டுட்டு, பாரத்துல எனக்க பேர எழுதி கையெழுத்து போட்டேன். விடிய விடிய உறக்கம் இல்ல. அன்னைக்கித்தான் இது எனக்க தொழில்னு தோணுச்சு.

108ல டிரைவர பைலட்னு கூப்பிடுவோம்லா, அந்த ஒத்த வார்த்தைல மனுசன் நிமிந்து உக்காருவான், பேருக்கு மதிப்பு இல்லன்னு நான் சொல்லல. ஆனா ஆக்சிடென்ட் கதையெல்லாம் சொல்லி இங்க மதிப்பு வாங்கலாம்னு நினைக்காத, அவனுக எல்லாம் பாத்தவனுக, சிரிச்சிட்டு போயிருவானுக.

இப்போதைக்கி லைசென்ஸ பாரு. நம்மூர் லைசென்ஸ் குடிவந்து 12 மாசம்தான் செல்லும், மாத்தியும் தரமாட்டாங்க. மொதல்ல கார் டெஸ்ட், பெறவு ஆம்புலன்ஸ் மாதிரி பெரிய வண்டிக்கி சி1 லைசென்ஸ்.