பழக்கத்தைப் படிக்கும் சார்ஜருக்கு 16,500 ராண்ட் கொடுக்கலாமா?

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க் சாண்ட்டனில் இருக்கிறோம். எஸ்காம் மின் நிறுவனத்தின் நேரடி இணைப்பு, நேரத்துக்கேற்ப விலை மாறும் ஹோம்ஃப்ளெக்ஸ் கட்டணம். மின்சார கார், பிஒய்டி அட்டோ 3. என் கணவர் திங்கள் முதல் வெள்ளி வரை செஞ்சுரியனுக்கு வேலைக்குப் போய் வருகிறார், தினமும் 70 கி.மீ. வீட்டில் சாதாரண 7 கிலோவாட் சார்ஜர் இருக்கிறது. மாலை 6 மணிக்கு வந்ததும் செருகிவிடுவார், தினமும் 100% வரை ஏறும். இப்போது ஒரு விற்பனையாளர் வேறு சார்ஜர் வாங்கச் சொல்கிறார். நாங்கள் இதுவரை சார்ஜ் போட்ட விதத்தைக் கவனித்து, நேரத்தையும் அளவையும் தானே மாற்றிக்கொள்ளுமாம். விலை 16,500 ராண்ட், மாதச் சந்தா 119 ராண்ட். பில் குறையும், பேட்டரியும் நீண்ட நாள் வரும் என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, சாண்ட்டன்

பதில்: வேண்டாம். பில் குறையும் என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தச் சேமிப்பில் பெரும்பகுதியை உங்கள் காரிலேயே இருக்கும் டைமர் இலவசமாகக் கொடுத்துவிடும்.

முதலில், பணம் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம். 2025 ஏப்ரலில் எஸ்காம் நேரக் கணக்கை மாற்றியது. காலை பீக் (விலை உச்சத்தில் இருக்கும் நேரம்) 3 மணி நேரத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது, மாலை பீக் 2-இலிருந்து 3 ஆகக் கூடியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வார நாட்களில் மாலை பீக் 5 முதல் 8 மணி. மற்ற ஒன்பது மாதங்களில் 6 முதல் 9. இரவு 10 முதல் காலை 6 வரை ஆஃப்-பீக், அதாவது மலிவு நேரம். உங்கள் கணவர் செருகுகிற 6 மணி, ஆண்டு முழுவதும் பீக்குக்குள்தான் விழுகிறது.

70 கி.மீ. ஓட்டத்துக்கு, 100 கி.மீ.க்கு 17 யூனிட் என்று வைத்தால், பேட்டரியிலிருந்து சுமார் 12 யூனிட் போகும். சார்ஜ் ஏறும்போது வீணாகும் 10 சதவீதத்தையும் சேர்த்தால் மீட்டரில் 13 யூனிட். 7 கிலோவாட்டில் அது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அதாவது பீக் முடியும் முன்பே. கணக்குக்காக உருண்டை எண் வைக்கிறேன். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பீக் யூனிட் 7 ராண்ட், ஆஃப்-பீக் 2 ராண்ட். மற்ற மாதங்களில் 3.50, 2. விடுமுறை போக குளிர்காலத்தில் 60 வேலை நாள் என்றால் 60 × 13 × 5 = 3,900 ராண்ட். மீதி 170 நாளுக்கு 170 × 13 × 1.50 = 3,315. மொத்தம் 7,215 ராண்ட் ஒவ்வோர் ஆண்டும் வெறும் அவசரத்துக்காகப் போகிறது.

காரின் திரையில் சார்ஜ் நேரத்தை இரவு 12:30-க்கு வைத்தால் இந்த 7,215-உம் கையில் நிற்கும். அதற்கு மேல் புது சார்ஜர் என்ன கொடுக்கும்? டைமரை மறந்தோ, அவசரத்துக்கு மாற்றிவிட்டுத் திருப்பி வைக்காமலோ மாதம் இரண்டு நாள் பீக்கில் போட்டுவிடுகிறீர்கள் என்று தாராளமாகவே வைப்போம். அந்த இழப்பு ஆண்டுக்கு 741 ராண்ட். அதைத் தடுக்கச் சந்தா மட்டும் 1,428 ராண்ட். முதல் போட்ட 16,500-ஐத் தொடாமலே ஆண்டுக்கு 687 ராண்ட் நட்டம். அதே 16,500-ஐ 10% வட்டியில் ஓடும் வீட்டுக் கடனில் கட்டினால் ஆண்டுக்கு 1,650 ராண்ட் வட்டி மிச்சம், அந்த மிச்சத்துக்கு வரியும் கிடையாது.

விற்பனையாளர் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. இந்தக் கருவி படிப்பது உங்கள் பழக்கத்தைத்தான், தேவையை அல்ல. இத்தனை நாளும் 100% வரை ஏற்றியிருக்கிறீர்கள்; ஆகவே இந்த வீட்டுக்கு 100% வேண்டும் என்று அது முடிவு செய்யும். உங்களுக்கு நாளொன்றுக்கு உண்மையில் வேண்டியது 20 சதவீதம்தான். கிளம்பும் நேரத்தைச் சராசரி எடுக்கிற கருவியானால் இன்னும் சிக்கல். நான்கு நாள் காலை 7 மணிக்கும் ஒரு நாள் 4:30-க்கு ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்துக்கும் கிளம்புகிற வீட்டில் சராசரி ஆறரை வரும்; அந்த ஒரு நாள் பாதி சார்ஜோடு நிற்பீர்கள். டிசம்பர் விடுமுறைக்குப் பிறகு ஜனவரியில் அது மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கக்கூடும். ஈஸ்டருக்கு டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு என்3 சாலையில் கிளம்பப் போகிறீர்கள் என்பது எந்தப் பழைய பதிவிலும் இருக்காது. அதற்கு முதல் நாள் இரவு நீங்கள்தான் முழு சார்ஜ் வைக்க வேண்டும்.

ஆகவே படிக்கிற வேலையை நீங்களே ஒருமுறை செய்துவிடுங்கள். காரின் ஆப்பில் கடந்த எட்டு வாரப் பதிவைப் பாருங்கள். அதில் இல்லாவிட்டால் இரண்டு வாரம் காகிதத்தில் குறியுங்கள். செருகிய நேரம், கழற்றிய நேரம், செருகும்போது எத்தனை சதவீதம், கழற்றும்போது எத்தனை. பத்தில் ஒன்பது வேலை நாட்களில் கழற்றும் நேரம் ஒரு மணி நேர இடைவெளிக்குள் அடங்கினால் டைமரே போதும். டைமரை வைக்கும்போது சராசரியைப் பார்க்காமல், மிகச் சீக்கிரம் கிளம்பிய நாளைப் பாருங்கள்.

ஆரம்பத்தை 12:30 என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சரியாக 10 மணிக்கு வைத்தால், கார் கடிகாரம் சில நிமிடம் முந்தியிருந்தாலே அந்த நிமிடங்கள் கூடுதல் விலையில் விழும். அந்நேரம் அடுப்பும் கீசரும் ஓடிக்கொண்டிருக்கும். சார்ஜர் 32 ஆம்பியர், 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர். அதோடு மின் அடுப்பும் கெட்டிலும் சேர்ந்தால் 60 ஆம்பியர் மெயின் பிரேக்கர் விழுந்துவிடும். கீசர் டைமரை காலை 4 மணிக்குத் தள்ளுங்கள். கார் 2:30-க்குள் முடித்துவிடுவதால், நடுவில் மின்சாரம் போனாலும் 6 மணிக்குள் ஈடுசெய்ய நேரம் இருக்கும். மின்சாரம் திரும்பி வந்ததும் சில கார்கள் தானாகத் தொடர்வதில்லை. ஒரு நாள் இரவு பிரேக்கரை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டுப் போட்டு, உங்களுடையது தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டைமரை ஒரே இடத்தில் வையுங்கள். காரிலும் ஒன்று, சார்ஜர் ஆப்பிலும் ஒன்று என்று வைத்தால் ஒன்று திறக்கும்போது மற்றது மூடியிருக்கும். காலையில் கார் காலி. "சார்ஜர் கெட்டுவிட்டது" என்று ஆளைக் கூப்பிட்டுப் பணம் கொடுப்பவர்கள் பலருக்கும் கோளாறு இதுதான்.

இனி பேட்டரி. அட்டோ 3-இல் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை; உங்களுடையது பெரிய பேட்டரி மாடல் என்று வைத்தால் சுமார் 60 யூனிட் கொள்ளளவு. என்எம்சி (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட்) வகை போல 100%-இல் நின்றால் வேகமாகத் தேயும் ரகம் அல்ல, ஆனாலும் வெயில் காலத்தில் நிறைந்தபடி நாள்கணக்கில் நிற்காமல் இருப்பது நல்லது. அதே சமயம் எல்எஃப்பியை அவ்வப்போது முழுமையாக ஏற்றியாகவும் வேண்டும். அதன் மின்னழுத்தம் நடுப்பகுதியில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால், எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு காருக்கே மெல்ல மெல்லத் தவறிப்போகும். 100%-ஐத் தொட்டால்தான் சரியாகும். எப்போதும் 80%-இல் நிறுத்திப் "பாதுகாக்கிற" கருவி உங்கள் காருக்குப் பொருந்தாது.

முழு சார்ஜை ஞாயிறு காலைக்கு வையுங்கள். ஞாயிறன்று மாலையில் இரண்டு மணி நேரம்தான் ஸ்டாண்டர்ட் (நடுத்தர) விலை, மற்ற நேரமெல்லாம் ஆஃப்-பீக். காலை 5 மணிக்குப் போட்டால் நான்கு மணி நேரத்தில் நிறையும், அதே காரில் மெல்ரோஸ் கோயிலுக்குப் போய் வரலாம். திங்கள் இரவு போட வேண்டாம். செவ்வாய் மாலை 60% இருக்கும், அதுவே 200 கி.மீ.க்கு மேல் ஓடும். செவ்வாய், புதன், வியாழன் இரவுகளில் 12:30 முதல் 2:30 வரை மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு 21% ஏறும், ஆகவே சதவீத வரம்பு வைக்கும் வசதி இல்லாவிட்டாலும் நேரமே வரம்பாகிவிடும். இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால் தினமும் 12:30-க்கு ஏறவிட்டுவிடுங்கள். பணத்தில் வித்தியாசம் வராது.

அடுத்த பில்லில் பீக், ஸ்டாண்டர்ட், ஆஃப்-பீக் யூனிட்கள் தனித்தனியாக இருக்கும். பீக் வரியில் மாதத்துக்கு ஏறத்தாழ 260 யூனிட் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால் டைமர் வேலை செய்யவில்லை.

டர்பனில் உள்ள உறவினருக்கு இதையே சொல்லிவிடாதீர்கள். ஈதெக்வினி மாநகராட்சியின் பெரும்பாலான வீட்டு மீட்டர்களில் எந்நேரமும் ஒரே விலைதான். அங்கே நேரத்தை மாற்றி ஒரு காசும் மிச்சமாகாது.

கூரையில் சோலார் போட்டாலோ, இரண்டாவது மின்சார கார் வந்தாலோ, உங்களில் ஒருவர் ஷிப்ட் வேலைக்கு மாறினாலோ கணக்கு வேறு. அப்போது விற்பனையாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: சந்தா நிறுத்தினால் டைமராகவாவது வேலை செய்யுமா? வைஃபை இல்லாவிட்டால் சார்ஜ் ஏறுமா? மின் இணைப்புக்கான இணக்கச் சான்றிதழின் செலவு அந்த விலைக்குள் அடங்குமா?