‘ஒரு படம் எடுத்துக் காட்டு’ என்பவர்களுக்கு ஒரு திக்குவாயனின் பதில்

கேள்வி: சினிமா விமர்சகர்களால் சினிமாவுக்கு என்ன பயன்? ஒரு படம்கூட எடுக்கத் தெரியாதவர்கள்தானே விமர்சகர் ஆகிறார்கள்?

உங்கள் அபிமான நடிகரின் படத்தை அண்மையில் யாரோ கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று கேள்வியிலேயே தெரிகிறது. உங்கள் எரிச்சல் நியாயமாகவே இருக்கலாம். இடைவேளையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறவர்களுக்காக வாதாட நான் வரவில்லை; அவர்களை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள். கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை உறுத்துகிறது. ‘உனக்கு வராததைப் பற்றி நீ ஏன் வாய் திறக்கிறாய்’ என்பதைச் சிறு வயதிலிருந்து பல குரல்களில் கேட்டு வளர்ந்தவன் நான். எனக்குத் திக்குவாய்.

ஆந்த்ரே பசான் என்ற பிரெஞ்சு சினிமா விமர்சகருக்கும் திக்குவாய்தான். 1918-இல் பிறந்தவர். ஆசிரியராக வேண்டும் என்பதற்காகவே படித்தார். வாய்மொழித் தேர்வில் நாக்கு சதி செய்தது. ஆசிரியர் வேலை கைநழுவிப் போனது. அப்போது பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. அந்தக் காலத்திலேயே மாணவர்களைக் கூட்டிப் படம் போட்டுக் காட்டத் தொடங்கினார். போர் முடிந்ததும் தொழிற்சாலைகளில் படம் போட்டு, தொழிலாளர்களோடு உட்கார்ந்து அதைப் பற்றி விவாதித்தார். வகுப்பில் பேச லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட மனிதர் வாழ்நாள் முழுவதும் இருட்டுக் கூடங்களில் எழுந்து நின்று பேசிக்கொண்டே இருந்தார்! நாளிதழ், வார இதழ், மாத இதழ் என்று எல்லாவற்றிலும் எழுதினார். இரத்தப் புற்றுநோயால் நாற்பது வயதில் இறப்பதற்குள் அவர் எழுதிய கட்டுரைகள் சுமார் 2,600. எடுத்த படம் ஒன்றுமில்லை. பழைய தேவாலயங்களைப் பற்றி ஒரு குறும்படம் எடுக்கத் திட்டம் எழுதி வைத்திருந்தார். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இனி என் கதை. எண்பதுகளில் கோவில்பட்டியில் நண்பர்கள் சேர்ந்து ஒரு திரைப்படச் சங்கம் நடத்தினோம். பூனாவில் உள்ள திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்து 16 மி.மீ. சுருள்கள் தகரப் பெட்டியில் ரயிலில் வரும். பள்ளிக்கூட மண்டபத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போடுவோம். இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ வந்த அன்று, படத்தைப் பற்றி நான்கு வார்த்தை பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எழுந்தேன். ‘பை’ என்பதிலேயே வண்டி நின்றுவிட்டது. பின்வரிசையில் இருந்த ஒருவர் எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு ‘சைக்கிள்’ என்று எடுத்துக் கொடுத்தார். மண்டபமே சிரித்தது. (திக்குகிறவர்களுக்கு வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். வார்த்தை எங்களிடம் இருக்கிறது. அது வெளியே வர நேரம் ஆகிறது, அவ்வளவுதான்.)

ஆனால் என் பையில் ஒரு பக்கக் குறிப்பு இருந்தது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கொடுத்த பசானின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு எழுதி, சைக்ளோஸ்டைலில் நகல் எடுத்துக் கொண்டுவந்திருந்தேன். பேச்சை விட்டுவிட்டு அதை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். அதில் இருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. டி சிகா அந்தச் சிறுவனை நடிப்புக்காக எடுக்கவில்லை, நடைக்காக எடுத்தார். ரோம் நகரத்தில் ஓர் அப்பாவும் மகனும் நடந்த நடைதான் இந்தப் படம் என்று பசான் சொல்கிறார், அதைக் கவனியுங்கள் என்று எழுதியிருந்தேன்.

படம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதும் அண்ணாச்சி ஒருவர் மட்டும் நின்றார். சிவாஜி படம் தவிர வேறு எதற்கும் காசு கொடுத்துப் போகாதவர். “தம்பி, படம் முழுக்க அந்தப் பையன் காலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பன் ஓரடி வைத்தால் அவன் இரண்டடி வைக்கிறான். பாதி நேரம் ஓடுகிறான். அப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் அவன் கையைப் பிடிக்கிற இடத்தில்தான் இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடக்கிறார்கள்” என்றார். அந்தக் கடைசி வாக்கியம் என் குறிப்பில் இல்லை. பசானின் கட்டுரையில் படித்ததாகவும் எனக்கு நினைவில்லை. அண்ணாச்சி தானாகவே கண்டுபிடித்தது அது. விமர்சகனால் என்ன பயன் என்று கேட்டீர்கள் அல்லவா?

இன்னொன்றையும் சொல்கிறேன். எடிட்டிங் எங்கே கூடாது என்பதைப் பற்றிப் பசான் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ‘நானூக் ஆஃப் தி நார்த்’ என்ற 1922-ஆம் ஆண்டுப் படத்தில் ஓர் எஸ்கிமோ பனித்தரையில் இருக்கும் துளை வழியாகக் கடல்நாயைப் பிடிக்கிறான். கயிற்றை இழுக்கிறான், சறுக்கி விழுகிறான், மறுபடி எழுந்து இழுக்கிறான். மனிதனை ஒரு ஷாட்டிலும் (வெட்டில்லாமல் எடுத்த ஒரு துண்டு) விலங்கை ஒரு ஷாட்டிலும் எடுத்து ஒட்டியிருந்தால் இதுவும் இன்னொரு வேட்டைக் கதையாகப் போயிருக்கும். வேட்டைக்காரன், துளை, கடல்நாய் மூன்றும் ஒரே சட்டகத்தில் இருப்பதால்தான் அந்தக் காத்திருப்பு நம்முடைய காத்திருப்பாகிறது என்கிறார் பசான். அதே கட்டுரையில், ஒரு சுமாரான ஆங்கிலப் படத்தில் சிங்கக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் சிறுவனும் பின்னால் வரும் தாய்ச் சிங்கமும் திடீரென்று ஒரே ஷாட்டில் தெரியும் கணத்தைச் சொல்கிறார். அதுவரை சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்த படம் அந்த ஒரு ஷாட்டில் வேறு தரத்துக்கு எழுந்துவிடுகிறது.

‘அந்தக் கடல்நாய் ஏற்கெனவே செத்தது, படத்துக்காகச் செய்த ஏற்பாடு அது’ என்று எழுத ஒருவர் விரலைத் தயாராக வைத்திருப்பார். தெரியும் ஐயா. சிங்கமும் ஓரளவு பழக்கப்பட்டதுதான். அதைப் பசானே ஒப்புக்கொள்கிறார். ஏமாற்று இருந்ததா என்பது அவருடைய கேள்வி இல்லை. எந்த இடத்தில் வெட்டினால் பார்ப்பவனின் நம்பிக்கை அறுந்துபோகும் என்பதுதான் கேள்வி. வெட்டாமல் நீளும் ஷாட்டைப் பற்றி இன்று யார் வாயைத் திறந்தாலும், தெரிந்தோ தெரியாமலோ, அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

படம் எடுக்காத அவரால் படம் எடுத்தவர்கள் யார் என்று கேட்பீர்கள். பிரான்சுவா த்ரூஃபோ என்ற பையன் பதினாறு வயதில் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கிக் கடனாளியானான். வீட்டாரே போலீசில் ஒப்படைத்தார்கள். சீர்திருத்த இல்லத்திலிருந்து அவனை மீட்டு வேலை கொடுத்தவர் பசான். பிறகு பட்டாளத்திலிருந்து ஓடிச் சிறைக்குப் போனபோதும் அலைந்து விடுவித்தவர் அவரே. தன் வீட்டிலேயே இடம் கொடுத்து எழுத வைத்தார். 1951-இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய ‘கையே து சினிமா’ இதழில்தான் த்ரூஃபோ, கோதார், ரோமர், ரிவெத், ஷாப்ரோல் எல்லோரும் இயக்குநர்களாகப் பெயர் பெறும் முன் விமர்சகர்களாக எழுதினார்கள். இந்தப் பிள்ளைகள் தமக்குப் பிடித்த இயக்குநர்களைக் கடவுளாக்கியபோது, அது தவறு என்று அதே இதழில் பசான் அவர்களுக்கு எதிராகவே எழுதினார்; ஆனாலும் அவர்களுடைய கட்டுரைகளைத் தடுக்கவில்லை. தன்னோடு முரண்படுகிறவர்களுக்கு அச்சில் இடம் கொடுக்கும் ஆசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 1958 நவம்பர் 10 அன்று த்ரூஃபோ தன் முதல் முழுநீளப் படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கினார். அன்றிரவு பசான் இறந்தார். ‘400 ப்ளோஸ்’ என்ற அந்தப் படத்தில் அவர் நினைவுக்கான சமர்ப்பணம் இருக்கிறது. அடுத்த ஆண்டு கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது அந்தப் படத்துக்குத்தான்.

பசானைப் புனிதராக்க நான் முயலவில்லை. திக்கினால் மேதையாகலாம் என்ற உற்சாகக் கதையாகவும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். திக்குவது ஒரு தொல்லை, அதில் மகிமை எதுவும் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் கணக்கு இருக்கும் வங்கியின் தொலைபேசிச் சேவையில் முன்பெல்லாம் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இருந்தது. பொத்தான் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. இப்போது ‘உங்கள் தேவையைக் குரலில் கூறுங்கள்’ என்கிறது ஒரு பெண் குரல். நான் முதல் எழுத்தில் முட்டிக்கொண்டிருக்கும்போதே ‘மன்னிக்கவும், புரியவில்லை’ என்று இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. கிளைக்கு நேரில் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தால், அதைத் தொலைபேசியில் பதிவு செய்யச் சொல்கிறார்கள். இதை வடிவமைத்தவர்கள் யாரும் ஒரு முறையாவது திக்கியிருக்க மாட்டார்களா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களைக் கோபப்படுத்திய விமர்சனம் எந்தப் படத்தைப் பற்றியது என்று எழுதுங்கள். அதற்கு முன் அந்தப் படத்தின் சண்டைக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். அடிக்கிற கையும் அடிவாங்குகிற முகமும் ஒரே ஷாட்டில் எத்தனை இடத்தில் சேர்ந்து வருகின்றன என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அதன் பிறகு அந்த விமர்சகரை இரண்டு பேரும் சேர்ந்தே திட்டலாம்.