"கடைசி ஆள்" என்றால் சிவப்பு அட்டையா?

உதைபந்தாட்டம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு முன்னாள் மத்தியஸ்தர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஊர்ச் சுற்றுப்போட்டியின் அரையிறுதியில், கோலை நோக்கி ஓடிய எதிரணி வீரரை எமது பின்கள வீரர் தண்டனைப் பகுதிக்குள் சறுக்கித் தடுத்தார். பந்துக்குத்தான் போனார், கால் பட்டுவிட்டது. தண்டனை உதை கொடுத்ததை ஏற்கிறோம். ஆனால் "கடைசி ஆள்" (கோல்காப்பாளருக்கு முன் எஞ்சியிருந்த கடைசித் தடுப்பாளர்) என்று சொல்லிச் சிவப்பு அட்டையும் காட்டினார்கள். இது சரியா?
— வாசகர், முள்ளியவளை

பதில்: நீங்கள் எழுதியபடியே நடந்திருந்தால் உங்கள் வீரருக்கு உரியது மஞ்சள் அட்டைதான். "கடைசி ஆள் மறித்தால் சிவப்பு" என்பது வன்னியில் எந்த மைதானத்துக்குப் போனாலும் காதில் விழும் பேச்சு. பார்வையாளர்கள் மட்டுமல்ல, விசில் பிடிப்பவர்களிலும் சிலர் அதைச் சட்டமென்றே நம்பியிருக்கிறார்கள். விதிகளில் அப்படியொரு சொல் கிடையாது. வெளிப்படையான கோல் வாய்ப்பு ஒன்று பறிக்கப்பட்டதா என்பதே அங்கே கேள்வி. அதைத் தீர்மானிக்க, குற்றம் நடந்த இடத்துக்கும் கோலுக்கும் இடையிலான தூரம், ஆட்டம் சென்றுகொண்டிருந்த திசை, தாக்குபவர் பந்தைத் தன் வசம் வைத்திருக்கக்கூடிய சாத்தியம், தடுப்பவர்கள் எத்தனை பேர் எங்கே நின்றார்கள் என்ற நான்கையும் மத்தியஸ்தர் பார்க்க வேண்டும். பந்து மூலைக்கொடிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தால், மறித்தவர் கடைசி ஆளாகவே இருந்தாலும் அதற்காகச் சிவப்பு அட்டை இல்லை.

முன்பு இத்தகைய குற்றத்துக்குத் தண்டனை உதை, வெளியேற்றம், அடுத்த போட்டிக்குத் தடை என மும்மடங்குத் தண்டனை கிடைத்தது. அது அளவுக்கு மிஞ்சியது என்ற நீண்டகால முறைப்பாட்டின் பின்னர் 2016 இல் விதி திருத்தப்பட்டது. தண்டனைப் பகுதிக்குள், பந்தை விளையாடும் உண்மையான முயற்சியில் குற்றம் நேர்ந்து தண்டனை உதையும் வழங்கப்பட்டால், மஞ்சள் அட்டை போதும். ஜேர்சியைப் பிடித்து இழுத்தாலோ, தள்ளினாலோ, பந்தை எட்ட வழியே இல்லாத நிலையில் காலை வாரினாலோ இந்தச் சலுகை கிடையாது. தண்டனைப் பகுதிக்கு வெளியே நடந்தாலும் கிடையாது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: எதிராளியின் உடலுக்கு ஆபத்தாகும் வகையில், பூட்ஸின் அடிப்பக்கம் தெரியக் காலை உயர்த்திப் பாய்ந்திருந்தால், கோல் வாய்ப்பு இருந்ததோ இல்லையோ, அது சிவப்பு அட்டைக்குரிய குற்றம். உங்கள் கடிதத்தில் அந்தக் காலின் உயரம் பற்றி எதுவும் இல்லை.

கேள்வி: 15 ஆம் இலக்க வீரர் எதிராளியை உதைக்க, எமது 5 ஆம் இலக்க வீரர் வெளியேற்றப்பட்டார். பழைய ஜேர்சியில் "1" உரிந்து போயிருந்தது. முறையிட முடியுமா?
— கழகச் செயலாளர், ஒட்டுசுட்டான்

பதில்: முடியும், முறையிடத்தான் வேண்டும். ஆளை மாற்றிப் பிடித்ததை மத்தியஸ்தர் உணர்ந்தால், ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்கு முன் திருத்தலாம். தொடங்கிவிட்டால் மைதானத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. போட்டியின் முடிவும் மாறாது. ஆனால் அடுத்த போட்டிக்கான தடை குற்றமற்றவர் தலையில் விழாமல் தடுப்பது ஒழுக்காற்றுக் குழுவின் கையில் இருக்கிறது.

2014 மார்ச்சில் இங்கிலாந்துக் கழகங்களான செல்சிக்கும் ஆர்சனலுக்கும் நடந்த ஆட்டத்தில், கோல் பக்கம் அடிக்கப்பட்ட பந்தைக் கையால் தட்டியவர் ஆர்சனலின் ஒக்ஸ்லேட்-சேம்பர்லேன். வெளியேற்றப்பட்டவர் அதே அணியின் கீரன் கிப்ஸ். "செய்தது நான்" என்று உரியவரே சொல்லியும் மத்தியஸ்தர் அன்ட்ரே மரினர் தீர்ப்பை மாற்றவில்லை. பின்னர் கிப்ஸின் தடை நீக்கப்பட்டது. பந்து கோலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்ததால் மற்றவருக்கும் தடை விதிக்கப்படவில்லை.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். சோளகம் அடிக்கும் ஒரு மாலை, செம்மண் புழுதி, எதிரே வெயில். கைகலப்பில் கண்ட இலக்கத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி அட்டையை எடுத்தேன். அந்தப் பையன் ஜேர்சியை இரு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "சேர், நான் இல்லை சேர்" என்றான். அவனுக்குப் பின்னால் நின்ற மற்றவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன், கண்டும் யோசிக்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு அந்த மற்றவன் தானாக வந்து உண்மையைச் சொன்னான். அன்றிரவே அறிக்கையில் என் தவறை எழுதிக் கொடுத்தேன், தடை நீங்கியது. இரண்டாம் பாதி முழுவதும் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்த பையனுக்கு அந்த நேரத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இலக்கம் தெளிவில்லாத ஜேர்சியோடு எவரையும் இறங்க விடாதீர்கள்.

கேள்வி: தாயைப் பற்றி இழிவாகப் பேசியவனைத் தள்ளியவனுக்கு மட்டும் சிவப்பு அட்டை. பேசியவனுக்கு ஒன்றுமில்லையா?
— வாசகர், அடம்பன்

பதில்: இழிவாகப் பேசுவதும் சிவப்பு அட்டைக்குரிய குற்றம்தான், மத்தியஸ்தர் காதில் அது விழ வேண்டும். 2006 உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் 110 ஆவது நிமிடத்தில் இத்தாலி வீரர் மத்தெராசியைத் தலையால் முட்டிய பிரான்ஸ் வீரர் சிடான் வெளியேற்றப்பட்டார். பின்னர் சிடானுக்கு மூன்று போட்டிகளும், அவரைச் சீண்டிய மத்தெராசிக்கு இரண்டு போட்டிகளும் தடை விதிக்கப்பட்டன. உங்கள் வீரர் முதலில் அணித்தலைவரிடமும், அவர் மத்தியஸ்தரிடமும் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: பிழையான சிவப்பு அட்டைக்கு எதிர்ப்பாக அணியே மைதானத்தை விட்டு வெளியேறினால் என்ன?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: அநீதி இழைக்கப்பட்டவர் என்ற உங்கள் நிலை அந்த நிமிடத்தோடு போய்விடும். ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடர முடியாது. மத்தியஸ்தர் அதை நிறுத்தி அறிக்கை எழுதுவார். அதன் பிறகு குழுவின் முன் பேசப்படுவது நீங்கள் வெளியேறியதுதான், அந்த அட்டை அல்ல. பத்துப் பேரோடு ஆடி முடியுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், சுற்றுப்போட்டி விதியில் குறித்த நேரத்துக்குள் கொடுங்கள். நிமிடம், வீரரின் இலக்கம், நடந்தது ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். மத்தியஸ்தர் எந்த ஊரவர், யாருக்குச் சொந்தம் என்பவற்றை எழுத வேண்டாம். கைப்பேசியில் எடுத்த காணொளி இருந்தால் வெட்டாமல் இணையுங்கள்.