கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எல்லா நாடுகளிலும் உளவுத்துறை இருக்கிறது. ஸ்டாசியை மட்டும் ஏன் இவ்வளவு பேசுகிறோம்?

பதில்: அது வேவு பார்த்தது முதன்மையாகத் தன் சொந்த மக்களை என்பதால். ஸ்டாசி என்பது கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனியின் அரசுப் பாதுகாப்பு அமைச்சகம், அதாவது அதன் ரகசியக் காவல்துறை. 1950 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட அந்த அமைச்சகத்தில், 1989 வாக்கில் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். நாட்டின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 1.6 கோடிதான். இவர்களைத் தவிர, ஒன்றே முக்கால் லட்சம் பேர் அளவுக்கு ரகசியத் தகவலாளிகள்: உடன் வேலை செய்பவர், மருத்துவர், பாதிரியார், நண்பர்.

கேள்வி: தவறு செய்யாதவர் எதற்குப் பயப்பட வேண்டும்?

பதில்: எது தவறு என்று தீர்மானித்தது யார்? நாட்டை விட்டு வெளியேற அனுமதி கேட்டு விண்ணப்பித்தாலே சந்தேகப் பட்டியலில் சேரலாம். சுற்றுச்சூழல் பற்றித் தேவாலயத்தில் கூடிப் பேசினாலும் அப்படியே. அங்கே பல நேரம் கைதுகூடத் தேவைப்படவில்லை. 1976 ஜனவரியில் வந்த ஓர் உள் உத்தரவு, ஒருவரைச் சிறையில் தள்ளாமலேயே குலைப்பது எப்படி என்று வகுத்துக் கொடுத்தது. பெயரைக் கெடுக்கும் வதந்தி, கையெழுத்தில்லாத கடிதம், வேலையில் திட்டமிட்டு உண்டாக்கும் தோல்வி, குழுவுக்குள் ஒருவர் மீது ஒருவருக்குச் சந்தேகம். பாதிக்கப்பட்டவர் தன் மீதே குறை இருப்பதாக நம்பினார். யாரிடம் போய் முறையிடுவார்? இதை நான் கொடுமை என்றுதான் சொல்வேன். ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்த என் மனம் ஒப்பவில்லை.

கேள்வி: குடும்பத்துக்குள்ளேயும் உளவு இருந்ததா?

பதில்: இருந்தது. அமைதி இயக்கத்தில் செயல்பட்ட வெரா வோலன்பெர்கர், தன்னைப் பற்றிய கோப்பிலிருந்து ‘டொனால்ட்’ என்ற புனைபெயரில் தகவல் கொடுத்தவர் தன் கணவரே என்று அறிந்தார். பிறகு மணமுறிவு. ஓர் அரசு இதற்கு என்ன இழப்பீடு தர முடியும்? இரு ஜெர்மனிகளும் ஒன்றான 1990-இலேயே அந்த அரசு மறைந்துவிட்டிருந்தது.

கேள்வி: அப்படியானால் கோப்புகளை எரித்திருந்தால் நல்லதல்லவா? எத்தனை குடும்பங்கள் தப்பித்திருக்கும்!

பதில்: அன்றும் பலர் இதைக் கேட்டார்கள், நல்லெண்ணத்தோடு கேட்டவர்களும் உண்டு. நான் உடன்படவில்லை. எரிக்க முதலில் அவசரப்பட்டது ஸ்டாசி அதிகாரிகளே. 1989 டிசம்பரில் எர்ஃபுர்ட் நகரில் பெண்கள் முன்னின்று அலுவலகத்துக்குள் நுழைந்தது அதைத் தடுக்கத்தான். 1990 ஜனவரி 15 அன்று பெர்லின் தலைமையகமும் மக்கள் வசமானது. கிழித்துப் போட்ட காகிதங்களே பல்லாயிரம் மூட்டைகள். எஞ்சிய கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளும். தன் வாழ்க்கையைப் பற்றி அரசு எழுதிவைத்ததைப் படிக்கும் உரிமை, எழுதப்பட்டவருக்கே முதலில் உண்டு. 1992 ஜனவரியில் அந்த உரிமை நடைமுறைக்கு வந்தது. தொடர்பில்லாத மூன்றாம் நபர்களின் பெயர்களை மறைத்துத் தருகிறார்கள். தகவலாளியின் பெயரைக் கேட்டுப் பெறலாம். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ஆனால் படிக்காமல் இருக்க முடிவெடுத்தவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: தகவலாளியாக மறுத்தால் சிறையா?

பதில்: பெரும்பாலும் இல்லை, பலர் மறுத்தார்கள். ஒரு வழி மிக எளிது: ‘என்னை ஸ்டாசி அணுகியது’ என்று நண்பர்களிடமோ அலுவலகத்திலோ வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. ரகசியம் போனபின் அந்த ஆளால் அவர்களுக்குப் பயனில்லை, விட்டுவிடுவார்கள். சம்மதித்தவர்களிலும் மிரட்டப்பட்டவர்கள் உண்டு. கொள்கைப் பிடிப்பால் வந்தவர்களும், பதவி உயர்வுக்காக வந்தவர்களும் உண்டு. எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கேள்வி: இப்போது எல்லாம் கணினி பார்த்துக்கொள்கிறதே, துரோகம் செய்ய மனிதர் தேவையில்லையே?

பதில்: அதுதான் எனக்கு அதிகக் கவலை. ஸ்டாசி கடிதங்களை ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வேண்டியிருந்தது. 2013-இல் அமெரிக்க உளவுத்துறையில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் ரகசிய ஆவணங்களை வெளியிட்டபோது, அமெரிக்காவில் கோடிக்கணக்கான மக்களின் தொலைபேசி அழைப்பு விவரங்கள் மொத்தமாகத் திரட்டப்பட்டது தெரியவந்தது. அத்திட்டம் சட்டவிரோதம் என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது. அதற்கு யார் பொறுப்பேற்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அந்தக் கோப்புகள் இப்போது எங்கே?

பதில்: 2021 ஜூன் முதல் ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. பெர்லின் தலைமையகம் அருங்காட்சியகமாகிவிட்டது. அமைச்சர் எரிக் மீல்கேயின் அறையைப் பார்க்கலாம். தம் கோப்பைக் கேட்டு இன்றும் மக்கள் விண்ணப்பிக்கிறார்கள்.